பழைய தேரும் புதிய அச்சும்

விழா மலர்களில் எழுதுவோர் பெரும்பாலும் பழமையைப் போற்றுவர். அன்றேல் புதுமையை வரவேற்பர். இரண்டும் எளியவை. பழமையைப் பேணிக்கொண்டே அதனுட் புதுமையை எவ்வளவு புகுத்தலாம், எங்கே நிறுத்தவேண்டும் என்னும் வினாவே கடினமானது. அவ்வினாவை ஆராய்தற்கு நாம் ஈண்டு எடுத்துக்கொண்ட பொருள் சிலருக்கு வியப்பளிக்கலாம். ஸ்போர்ட்ஸ் கார் என்று உலகெங்கும் வழங்கும் விரைவு வண்டிகளுட் பழையனவற்றை இக்காலப் பொருள்களையும் தேர்ந்த கைத்திறனையும் கொண்டு மறுபடி ஆக்கும் தொழிலே அப்பொருள். சமயமும் தமிழும் கணிதமும் பேசவேண்டிய பக்கங்களில் மோட்டார் வண்டிக்கு என்ன வேலை என்று மூத்த அன்பர்கள் கேட்பார்கள். கேள்வி நியாயமானதே. ஆயினும் அத்தொழிலில் எழும் வழக்கும், நம் கோயில்களிலும் நம் கல்லூரியிலும் எழும் வழக்கும் ஒன்றே என்பது நமது துணிபு. பொறுத்துப் படித்து முடிவிலே தீர்ப்புக் கூறுமாறு வேண்டுகின்றோம்.

1961ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் ஜெனீவாக் கண்காட்சியில் இங்கிலாந்தின் ஜகுவார் நிறுவனத்தார் ஈ-ரைப் என்னும் வண்டியை உலகிற்குக் காட்டினர். மணிக்கு 150 மைல் ஓடும் என்று விளம்பரம் செய்யப்பட்ட அவ்வண்டியின் விலை அப்போது 2,200 பவுணுக்குச் சற்றுக் குறைவு. அதனோடு ஒப்பிடத்தக்க இத்தாலிய வண்டிகளுக்கு அதனைப்போல் இரு மடங்கிற்கு மேற் கொடுக்கவேண்டியிருந்தது. அதன் உடலை வரைந்த மல்கம் சேயர் (1916–1970) வானூர்தித் தொழிலிலிருந்து வந்தவர். கண்ணுக்கு இனிதாக இருக்கட்டும் என்று கோடு இழுத்தவரல்லர்; காற்றின் தடையைக் குறைக்கும் வளைவுகளைக் கணிதத்தாற் கணித்து வரைந்தவர். கணக்குச் சரியாக வந்தது; அழகும் உடன் வந்தது. இரண்டு ஆண்டுகளின் பின், 1963இல், ஜேர்மனியின் பிராங்பேட் கண்காட்சியில் போர்ஷே 911இன் முதல் வடிவம் வெளிவந்தது. ஆறு உருளைகளும் இரண்டு லீற்றர் கொள்ளளவும் 130 பரிவலுவும் கொண்டது அதன் இயந்திரம். வண்டியின் பின்புறத்தில் அமைந்தது. நீரினாலன்றிக் காற்றினாற் குளிரூட்டப்பட்டது. அக்காற்றுக் குளிர் முறை 1998 வரையும் கைவிடப்படவில்லை.

இவ்வண்டிகளை இளமையிற் படத்திலே கண்டு மயங்கியோர் பலர், முதுமையிற் பொருளீட்டி அவற்றை வாங்கினர். வாங்கிய பின்னரே ஓருண்மை புலப்பட்டது. நினைவில் ஓடிய வண்டி வேறு. வீதியில் ஓடும் வண்டி வேறு. அக்காலத்து உருக்குத் தகடுகள், பெட்டிபோல் மூடிய உட்பகுதிகளிற் போதிய காப்புப் பூச்சின்றி விடப்பட்டமையால் உள்ளிருந்தே துருப்பிடித்தன. நெருக்கமான வீதிகளில் நின்று நின்று போனால் இயந்திரம் கொதித்தது. மலையிறக்கத்திற் பலமுறை மிதித்த பிறேக் சூடேறிச் சோர்ந்தது. மின்கம்பிகளோ மழையைக் கண்டால் ஊமையாயின. இவற்றையெல்லாம் அன்பின் மிகுதியாற் பொறுத்தவர்கள் சிலர். பொறுக்கமாட்டாதார் வண்டியைக் கொட்டகைக்குள் நிறுத்திப் போர்வையால் மூடினர். ஓடுதற்கென்று பிறந்த பொருள் ஓடாது கிடத்தல் அழிவின் மற்றொரு வகையேயன்றிப் பாதுகாப்பு அன்று.

இந்நிலையிலேதான் புதிய தொழில் ஒன்று தோன்றியது. றொப் டிக்கின்சன் என்னும் ஆங்கிலேயர் மோட்டார் வடிவமைப்பைப் பயின்றவர். பின்னர் ஓர் இசைக்குழுவின் பாடகராய் விளங்கியவர். அவர் 2009இல் அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சலிஸ் நகரிற் சிங்கர் என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார். இந்நிறுவனத்தார் தாம் புதிய வண்டி செய்வதாகச் சொல்லிக்கொள்வதில்லை. 1989க்கும் 1994க்கும் இடையிற் செய்யப்பட்ட 964 என்னும் வகைப் போர்ஷே ஒன்றை உடையவர் கொண்டுவந்து ஒப்படைப்பார். அதனை ஆணி ஆணியாகக் கழற்றி, வெறுங்கூடு வெளிப்படுமாறு செய்து, துருவையும் பழைய பூச்சையும் நீக்கி, வலுவற்ற இடங்களை வலுப்படுத்துவர். பின்னர் கதவு நீங்கலாக வெளித்தகடுகளை அகற்றி, அவற்றின் இடத்திற் காபன் நாரினாற் செய்த உடலைப் பொருத்துவர். இயந்திரம் முற்றாகப் பிரிக்கப்பட்டு, கொள்ளளவு கூட்டப்பட்டுத் திரும்பவும் கோக்கப்படும். வண்டி வெளிவரும்போது அதன் தோற்றம் 1970ஐ ஒட்டிய வண்டியினது, உள்வலு இக்காலத்தது, அடிச்சட்டத்தில் வெட்டிய இலக்கமோ முதலில் இருந்த அதே இலக்கம்.

காபன் நார் என்பது யாது என இளமாணவர் அறிதல் நன்று. தலைமயிரினும் மெல்லிய கரி இழைகளைத் துணிபோல் நெய்து, பிசினில் நனைத்து, அச்சின்மேற் படை படையாகக் கையாற் படியவைத்து, அழுத்தமும் வெப்பமும் உள்ள அடுப்பில் இட்டு இறுகச் செய்வதே அது. வலிமை மிக்க காபன் நார் செய்யும் முறைகளுள் ஒன்று 1960களில் இங்கிலாந்தின் பார்ன்பரோ வானூர்தி ஆய்வு நிலையத்தில் உருவாயிற்று. 1981இல் மக்லாரன் பந்தயக் குழுவினர் தம் வண்டியின் கூட்டையே அதனாற் செய்து ஓட்டினர். உருக்கின் அடர்த்தி நீரினும் ஏறத்தாழ 7.8 மடங்கு, அலுமினியத்தினது 2.7 மடங்கு, காபன் நாரும் பிசினும் சேர்ந்த பொருளினது 1.6 மடங்கு அளவினதே. அது துருப்பிடிப்பதில்லை. எனினும் எந்த இழை எத்திசையிற் செல்லவேண்டும் என்று அறிந்த கை இல்லையாயின் அது வெறும் கரித்துணியே. பொருள் புதிது, ஆனால் அது கேட்கும் பொறுமை பழையது.

2018இல் இந்நிறுவனத்தார், வில்லியம்ஸ் பந்தயக் குழுவின் பொறியியற் பிரிவினரோடு கூடி, இன்னும் ஒருபடி சென்றனர். அவர்கள் வெளியிட்ட வண்டியின் இயந்திரம் நான்கு லீற்றர் கொள்ளளவும் 500 பரிவலுவும் உடையது. நிமிடத்திற்கு 9,000 தடவைக்கு மேற் சுழல்வது. அப்பொழுதும் காற்றினாலேயே குளிர்வது. மகனீசியமும் தைத்தேனியமும் அதிற் பயின்றன. இம்முயற்சிக்கு ஆலோசனை கூறியவர் ஹான்ஸ் மெட்ஸ்கர் (1929–2020). 1960களில் அந்த ஆறுருளை இயந்திரத்தை முதன்முதல் வகுத்த பொறியியலாளர் அவரே. தாம் இளமையிற் பெற்ற பிள்ளைக்குத் தாமே முதுமையில் வைத்தியம் பார்க்கும் பேறு எத்தனை பேருக்குக் கிட்டும்? பழமையை மாற்றுவதாயின் அதனை ஆக்கியவரை, அவர் இலராயின் அவர் விட்டுச்சென்ற வரைபடத்தை, முதலிற் கேட்கவேண்டும் என்பதற்கு இஃதொரு நல்ல சான்று.

மாற்றுவது எளிதென்று எவரும் எண்ணற்க. வீட்டில் ஒரு வாசலை அகலித்தால் நிலை மாறும். நிலை மாறினாற் சுவர் அசையும். சுவர் அசைந்தாற் கூரைக்குப் புதிய தாங்கு வேண்டும். வண்டியும் அத்தகையதே. இயந்திரத்தின் வலுவைக் கூட்டினாற் பிறேக்கைக் கூட்டவேண்டும். பிறேக் வலுத்தால் அதனைத் தாங்கி வீதியைப் பற்றும் அகன்ற ரயர் வேண்டும். அகன்ற ரயர் வளைவிலே பற்றிக்கொண்டால் அந்த இழுப்பு முழுவதும் அடிச்சட்டத்தைச் சேரும். ஐம்பது ஆண்டுகளுக்கு முன் ஒடுங்கிய ரயருக்கென்று வகுக்கப்பட்ட சட்டம் முறுகும். ஆதலால் ஒன்றை மட்டும் திருத்துபவன் வண்டியைக் கெடுக்கின்றான். முழுவதையும் ஒருங்கே எண்ணித் திருத்துபவனே தொழில் அறிந்தவன். அவன் இறுதியிற் காக்கவேண்டியது ஓட்டுநருடைய கையும் காலும் உணர்ந்த பழைய உணர்ச்சியை. அதனை இழந்துவிட்டால் எஞ்சுவது பழைய முகமூடி அணிந்த புதிய வண்டியே.

இங்கிலாந்தின் கிழக்குச் சசெக்சில் 1984 முதல் இயங்கிவரும் ஈகிள் என்னும் தொழிலகத்தார், ஈ-ரைப் வண்டிகளையே தம் வாழ்நாட் பணியாகக் கொண்டவர்கள். அவர்கள் கையில் ஒரு வண்டி ஆயிரக்கணக்கான மணித்தியால உழைப்பைப் பெறுகின்றது. அவர்களுடைய சிறப்பு வண்டிகளில் உருக்குத் தகட்டின் இடத்தைக் கையாற் செய்த அலுமினியத் தகடு பெற்றது. மேலும் கீழுமாக அமைந்த இரண்டு உருக்கு உருளைகளின் இடையே தகட்டைச் செலுத்தி, முன்னும் பின்னும் நூற்றுக்கணக்கான முறை இழுத்து, சிறிது சிறிதாக வளைவு வரச்செய்யும் வித்தை அது. எவ்வளவு அழுத்துவது என்பதை எந்நூலும் கூறாது. தகட்டின்மேல் உள்ளங்கையைத் தடவிப் பார்த்தே அறியவேண்டும். கணிப்பொறியும் ஒளிக்கதிர் அளவுகோலும் இன்று துணைக்கு வந்துள்ளன என்பது மெய். ஆனால் இறுதித் தீர்ப்பை வழங்குவது அந்த உள்ளங்கைதான்.

பழைய ஆலைகளே இப்பணியில் இறங்கியதும் உண்டு. ஜகுவார் நிறுவனத்தார் 1963இல் அலுமினிய உடல் கொண்ட இலேசான ஈ-ரைப் வண்டிகள் பதினெட்டுச் செய்யக் கருதிப் பன்னிரண்டுடன் நிறுத்தினர். ஐம்பது ஆண்டுகள் கழித்து, 2014இல், விடுபட்ட ஆறையும் செய்யத் தொடங்கினர். 1957 பெப்ரவரி 12ஆந் திகதி அவர்களது ஆலையில் மூண்ட தீயில் எக்ஸ்.கே.எஸ்.எஸ். என்னும் வண்டிகள் ஒன்பது எரிந்தன. அந்த ஒன்பதையும் மீளச் செய்வதாக 2016இல் அறிவித்து, அவ்வாறே செய்தனர். இவற்றைப் புதிய வண்டிகள் என்பதா? பிந்திப் பிறந்த பழைய வண்டிகள் என்பதா?

இங்கேதான் வழக்கு ஆரம்பிக்கின்றது. பழமை பேணுவோர், தகட்டை மாற்றி, இயந்திரத்தை மாற்றி, கம்பியை மாற்றிய பின் எஞ்சுவது பெயர் மாத்திரமே என்பர். கிரேக்கரின் தீசியசுவினது கப்பலைப் பற்றிப் புளூராக் எழுதிய பழைய புதிரும் இதுவே. பலகை பலகையாக மாற்றப்பட்ட கப்பல் அதே கப்பலா, அன்றா? இப்புதிர் 1990இல் இலண்டன் உயர்நீதிமன்றத்துக்கே வந்தது. 1929இலும் 1930இலும் பிரான்சின் லெ மான் பந்தயத்தில் வென்ற பென்ற்லி வண்டி ஒன்று, ஒரு கோடி பவுணுக்கு விலை பேசப்பட்டது. வாங்க இசைந்தவர், வென்ற வண்டியின் உறுப்புக்கள் இதில் மிகச் சிலவே என்று கூறிப் பின்வாங்கினார். நீதிபதி ஆராய்ந்து கண்டது யாது? அவ்வண்டி ஒருநாளும் மறைந்து, பின்னர் எவராலும் புதிதாகக் கட்டப்பட்டதன்று. பந்தயத்திற்கும் விபத்திற்கும் பழுதிற்கும் ஏற்பப் பகுதி பகுதியாக மாறிக்கொண்டே, இடையறாது ஒரே வண்டியாக வாழ்ந்து வந்தது. ஆகவே அது உண்மையான அவ்வண்டியே எனத் தீர்ப்பாயிற்று.

நாம் இத்தீர்ப்பை ஏற்கின்றோம். ஏற்கக் காரணம் நம் கண்முன்னே உண்டு. நம் கல்லூரி நிறுவப்பட்ட நாளில் இருந்த ஆசிரியருள் ஒருவரேனும் இன்று இலர். மாணவருள் ஒருவரும் இலர். அன்றைய வாங்குகளும் மேசைகளும் எங்கே போயினவோ! பாடங்கள் மாறின, பயிற்றும் மொழி மாறியது, கட்டடங்கள் எழுந்தன, வீழ்ந்தன, மறுபடி எழுந்தன. ஆயினும் இது வேறு கல்லூரி என்று சொல்ல எவருக்கேனும் நா எழுமா? பொருள் மாறியபோதும் தொடர்ச்சி அறவில்லை. அத்தொடர்ச்சிக்கே நாம் விழா எடுக்கின்றோம்.

நம் முன்னோர் இதனை நன்கு அறிந்திருந்தனர். கோயில் பழுதுற்றால் அதனை அவ்வாறே இடிந்து விழ விட்டாரல்லர். நினைத்தவாறு இடித்துக் கட்டினாருமல்லர். முதலிற் பாலஸ்தாபனம் செய்து, மூர்த்தியின் சாந்நித்தியத்தைச் சிறிய இடமொன்றில் எழுந்தருளச் செய்து, திருப்பணி நிறைவெய்திய பின் கும்பாபிஷேகம் செய்து மீண்டும் மூலஸ்தானத்தில் நிலைபெறுவித்தனர். கல்லும் மரமும் மாறலாம். எது மாறாது கொண்டுசெல்லப்படவேண்டும் என்பதில் அவர்களுக்கு ஐயமே இருக்கவில்லை. திருவாரூர் ஆழித்தேரையும் இவ்விடத்து எண்ணிப் பார்க்கலாம். 1926இல் தீக்கிரையான அத்தேர் மீளக் கட்டப்பட்டது. பிற்காலத்தில் திருச்சியில் உள்ள பெல் தொழிற்சாலையினர் அதற்கு இரும்பு அச்சுகளையும் நீரழுத்தத்தால் இயங்கும் பிறேக்குகளையும் பொருத்திக்கொடுத்தனர். வடம்பிடிக்கும் அடியாருள் எவரும் இது தியாகராசர் தேர் அன்று எனக் கூறினாரில்லை. அச்சு புதிது, ஓட்டம் பழையது. மனித உயிருக்கு இருந்த ஆபத்துக் குறைந்தது.

இவ்வளவும் கூறியமையால் மாற்றம் எல்லாவற்றையும் நாம் ஆதரிக்கின்றோம் எனக் கொள்ளற்க. திருப்பணி என்னும் பெயரால் நம் ஊர்களில் நடந்தவற்றையும் நாம் கண்டிருக்கின்றோம். சுண்ணச்சாந்தில் அமைந்த பழைய சிற்பவேலை உடைக்கப்பட்டுச் சீமெந்தால் வார்க்கப்பட்டது. சுவரோவியத்தின்மேல் எனாமல் பூச்சு ஏறியது. செய்தவர் பக்தியோடுதான் செய்தனர். ஆனால் இழந்தது இழந்ததே. மோட்டார் உலகிலும் இவ்விபத்து உண்டு. ஆதலின் 1964இல் வகுத்த வெனிசுச் சாசனம், பழைய கட்டடத்தில் மாற்றிய பகுதி முழுமையோடு இசையவும் வேண்டும், அதேவேளை புதியது என்று இனங்காணப்படவும் வேண்டும் என விதித்தது. பழைய வாகனங்களுக்கான அனைத்துலகக் கூட்டமைப்பினரும் 2012இல் தூரின் சாசனம் என்னும் பெயரால் இத்தகைய நெறிகளைத் தம் துறைக்கு வகுத்துக்கொண்டனர்.

இவற்றையெல்லாம் எண்ணிப் பார்த்து நாம் கொண்ட முடிவு மூன்று வகைப்படும். முதலாவது, அரியதைத் தொடலாகாது. 964 வகைப் போர்ஷே அறுபதினாயிரத்திற்கு மேற் செய்யப்பட்டது. ஈ-ரைப் எழுபதினாயிரத்திற்கு மேற் செய்யப்பட்டது. அவற்றுட் சில நூறு உருமாறினால் வரலாறு குறைவுபடாது. 1962 முதல் 1964 வரை முப்பத்தாறே செய்யப்பட்ட பெராரி 250 ஜீ.ரீ.ஓ. போன்றதன் ஓர் ஆணியையும் காரணமின்றி மாற்றல் தகாது. அது நூல்நிலையத்து ஏட்டுச்சுவடி போன்றது; திருத்துவதற்குரியதன்று, படிப்பதற்குரியது. சாதாரண வண்டியும் எண்ணிக்கை குறையக் குறைய அரியதாகும் என்பதை மறத்தலாகாது. துருவேறிக் கைவிடப்பட்டதை மறுபடி ஆக்குக. நலமாய் உள்ளதை ஆசைக்காக வெட்டற்க.

இரண்டாவது, செய்ததை ஒளிக்கலாகாது. பழைய வண்டிகளின் விலை ஏறியதும் பொய் வண்டிகள் மலிந்தன. 2018இல் மேற்கூறிய பெராரி ஒன்று ஏலத்தில் 4.84 கோடி டொலருக்கு விலைபோயிற்று. அத்தகைய விலை எவரையும் ஆசை கொள்ளச் செய்யும். தகட்டையும் இலக்கத்தையும் பொய்யாக அடித்துப் பழையது என விற்பவன் திருடன். இன்ன ஆண்டு வண்டி, இன்ன உறுப்பு மாற்றப்பட்டது, இன்னார் கை பட்டது என்று எழுதிக் கொடுப்பவன் தொழிலாளன். இருவர் கையிலும் சுத்தியல் ஒன்றே. அவர்களைப் பிரிப்பது வாய்மை ஒன்றுதான்.

மூன்றாவது, திரும்பிச் செல்லும் வழியை அடைக்கலாகாது. கழற்றிய உறுப்பை எறியாமற் பெயரெழுதி வைத்தல் வேண்டும். நம் பின்வருவோர் நம்மினும் அறிந்தவராய் இருக்கலாம். நாம் கெடுத்ததை அவர்கள் சீர்செய்ய விரும்பலாம். 2017இல் ஜகுவார் நிறுவனத்தார் பழைய ஈ-ரைப் ஒன்றினுள் மின் இயந்திரத்தை வைத்துக் காட்டினர். பழைய இயந்திரம் இருந்த அதே இடத்தில் அது பொருந்துமாறும், வேண்டுமாயின் பழையதை மீள வைக்கக்கூடுமாறும் அமைத்தனர். அந்த இயந்திரத்தின் ஓசையை இழந்த வண்டி நமக்கு உவப்பன்று என்பதை ஒளிக்கமாட்டோம். ஆனால் நம் உவப்பு வேறு, நெறி வேறு. மீளக்கூடிய மாற்றத்தை வெறுக்க நமக்கு நியாயம் இல்லை.

இஃதெல்லாம் செல்வர் விளையாட்டு என ஒரு தடை எழும். மெய்தான். சிங்கர் நிறுவனத்தில் ஒரு வண்டியை மறுபடி ஆக்க ஐந்து இலட்சம் டொலருக்கு மேற் செலவாகும். பள்ளிப்பிள்ளைகள் பசித்திருக்கும் உலகில் இதனைப் பாராட்ட நம் மனம் கூசுகின்றது. ஆனால் கைவினையின் வரலாறு முழுவதும் அவ்வாறே. அரசன் பொன் கொடுத்தான், சிற்பி கல் வெட்டினான், அரசன் போனான், சிற்பம் நின்றது, வித்தை நாட்டினுடையதாயிற்று. மேலும் இவ்வித்தை செல்வர்க்கே உரியதன்று என்பதற்கு நம் நாடே சாட்சி. 1990களிற் பொருளாதாரத் தடையால் யாழ்ப்பாணத்திற்குப் பெற்றோல் வராதபோது நம் ஊர் ஒஸ்ரின்களும் மொரிஸ்களும் என்ன ஆயின? சில துளி பெற்றோலில் இயந்திரத்தை எழுப்பி, பின் மண்ணெண்ணெயில் ஓட்டினர் நம் மெக்கானிக்குகள். உறுப்புக் கிடையாதபோது கடைசல் பட்டறையில் உறுப்பையே கடைந்தனர். கலிபோர்னியாவிற் செல்வம் செய்வித்ததை இங்கே இல்லாமை செய்வித்தது. நோயாளியையும் பிள்ளைத்தாய்ச்சியையும் வைத்தியசாலை சேர்த்தவை அவ்வண்டிகளே. அம்மெக்கானிக்குகளுட் பலருடைய பெயர் எம்மலரிலும் ஏறியதில்லை.

இன்னொன்றும் உண்டு. இங்கிலாந்தின் பாத் நகரில் மொரிஸ் மைனர் வண்டிகளைப் புதுப்பிக்கும் நிலையம் நடத்திய சார்ள்ஸ் வெயார் என்பவர், நல்ல வண்டியைக் காலந்தோறும் திருத்தி நெடுங்காலம் ஓட்டுதலே சிக்கனம் என்று வாதித்தவர். அவருடைய முயற்சியால் 1990களில் இலங்கையிலே மொரிஸ் மைனரின் உடற்றகடுகள் செய்யும் தொழிலகம் ஒன்று தோன்றியது. இங்கு செய்த தகடுகள் இங்கிலாந்து சென்று அங்குள்ள வண்டிகளுக்கு உயிர் கொடுத்தன. 1948இல் ஆங்கிலேயர் படைத்த வண்டியை இலங்கைக் கைகள் காத்தன. இக்கைகளின் திறனில் நமக்கு நம்பிக்கை இல்லாதுபோனதே குறை.

அக்குறையைப் பற்றியே நாம் இறுதியாகச் சில சொல்ல விழைகின்றோம். நம்மவர் கல்வி நெடுங்காலமாக எழுதுகோலைத் தொழுதது, சுத்தியலை இகழ்ந்தது. வைத்தியரும் பொறியியலாளரும் கணக்காளரும் ஆகுக என்று பிள்ளைகளை வாழ்த்தினோம். அவர்கள் அவ்வாறே ஆகி உலகெங்கும் புகழ் பெற்றனர், மகிழ்ச்சியே. ஆனால் பரீட்சையிற் பின்தங்கிய பிள்ளையிடம், “கராஜுக்குத்தான் போகப்போகிறாய்” என்று சொன்ன வாய்களும் நம்முடையனவே. 2013 முதல் நம் நாட்டு உயர்தர வகுப்பிலே தொழினுட்பப் பிரிவு உண்டு. அதனை மற்றைப் பிரிவுகளுக்கு இடங்கிடையாதவர் ஒதுங்கும் திண்ணையாகக் கருதும் பெற்றோர் இன்றும் பலர். அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் மக்பேர்சன் என்னும் சிறிய கல்லூரி, பழைய மோட்டார் வண்டிகளைச் சீரமைக்கும் கலையிலே நான்காண்டுப் பட்டம் வழங்குகின்றது. அங்கே மாணவன் காலையில் வரலாறு படிக்கின்றான்; மாலையில் தகடு அடிக்கின்றான். இங்கிலாந்தின் பிஸ்ரரில், பழைய விமானப்படைத் தளம் ஒன்றிலே, இளைஞர் இவ்வித்தையை முறையாகப் பயில்கின்றனர். கைத்தொழிலாற் கல்வி தாழ்வுறாது. கைத்தொழில் கல்வியால் உயர்வுறும்.

விழா ஆண்டுகளில் நிதி திரட்டப்படும். திரட்டிய நிதியால் வாயிலில் வளைவு ஒன்று எழும். வளைவிலே கொடுத்தோர் பெயர் பொறிக்கப்படும். அவ்வழக்கத்தை நாம் பழிக்கவில்லை. ஆயினும் பழைய மாணவர் சங்கத்தாரை ஒன்று கேட்கின்றோம். அந்நிதியில் ஒரு பங்கைக் கல்லூரி வளவில் நல்ல பட்டறை ஒன்று அமைக்க ஒதுக்கலாகாதா? பழைய வண்டி ஒன்று, கடைசல் பொறி ஒன்று, இணைப்பு வேலைக்குரிய கருவிகள் சில, ஓய்வு பெற்ற ஊர் மெக்கானிக் ஒருவர். அவரை ஆசிரியர் என்று அழைத்து ஆசிரியருக்குரிய இருக்கையில் இருத்துவோம். ஓராண்டிற் பிள்ளைகள் அவ்வண்டியைக் கழற்றிப் பூட்டட்டும். எதை மாற்றலாம், எதைத் தொடலாகாது, ஏன் என்று அவர்களே எழுதட்டும். பௌதிகமும் இரசாயனமும் வரலாறும் ஒழுக்கமும் அவ்வொரு வண்டியினுள்ளே அடங்கும். கல்லூரியின் பழைய கட்டடங்களில் எதை இடிப்பது, எதைக் காப்பது என்னும் வினா நாளை எழும்போது அப்பட்டறையிற் பயின்றவர் நம்மினும் நல்ல விடை கூறுவர்.

தேர் பழையது. பலர் இழுத்து வந்தது. நம் கைக்கு வடம் வந்துள்ளது. அச்சு தேய்ந்திருந்தால் மாற்றுவோம். மாற்றியதை மறையாது சொல்வோம். கழற்றியதைப் பேணி வைப்போம். ஓட்டம் மட்டும் நில்லாதிருக்கட்டும். வாழ்க நம் கல்லூரி!